நான்காவது பெண்ணுக்கு ஒரு பெயர்

சோங்-கோல் ஏரிக்கரை, புதன்கிழமை

அன்புள்ள அய்பேரியின் அப்பாவுக்கு,

சல்தனத் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். யாகுட்ஸ்கில் உங்கள் கட்டட வேலை எப்படிப் போகிறது? மேய்ச்சல் வெளியில் சிக்னல் கிடையாது. குதிரைப்பால் வாங்க வந்த டிரைவர், கீழே இறங்கியதும் இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவார். பழுப்புக் குதிரை குட்டி போட்டுவிட்டது.

சின்னவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நாலாவதும் பெண் என்று கேட்டபின், நாங்கள் மேய்ச்சலுக்கு மலையேறும் வரை நீங்கள் போனே செய்யவில்லையே! மூத்தவர்கள் மூவருக்கும் 'அய்' என்று நிலாவைச் சேர்த்து ஆசையாய்ப் பெயர் வைத்தோம். இவளுக்கு மட்டும் 'புருல்' என்று வைக்கச் சொல்கிறார் அத்தை. பெண் போதும், இனி ஆண் பக்கம் திரும்பு என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை முல்லா வந்து அந்தப் பெயரை அவள் காதில் ஓதிவிடுவார். என் மனசு ஒப்பவில்லை.

நேற்று ஒரு அதிசயம் பார்த்தோம். பிஷ்கெக்கிலிருந்து வந்த பெகிமாய் என்ற பெண் நம் கூடாரத்துக்கு வெளியே தொலைநோக்கி வைத்தாள். முதலில் சோல்போன், அதாவது வெள்ளி. அதுவே ஒரு பிறையாக நின்றது! ஆனால் அதற்கு நிலாவே கிடையாதாம், புதனுக்கும் இல்லையாம். செவ்வாய்க்கு இரண்டு, கோணல் உருளைக்கிழங்கு மாதிரி இருக்குமாம். பிறகு வியாழனைக் காட்டினாள். இரு பக்கமும் ஒரே கோட்டில் நாலு நிலா! நாம் ஆடு மேய்த்த இத்தனை வருஷமும் அவை நம் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன. அந்தக் குழாய்க்கு எட்டாதவை இன்னும் நிறைய உண்டாம். சனிக்கு அதைவிட அதிகமாம். யுரேனஸும் நெப்டியூனும்கூடத் தனியாக இல்லையாம்.

அத்தை முதலில், "ஆட்டப் பாக்க ஆளில்ல, ஆகாசத்தப் பாக்குறாளுங்க" என்று திட்டினார். கண்ணை வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. "நாலு புள்ளையையும் சுத்தி வச்சிக்கிட்டு எப்பிடி மினுக்குது பாருடி!" என்று என்னை இடித்தார். நம்ம பூமிக்கு எத்தனை என்று கேட்டார். "ஒண்ணுதாம்மா" என்றாள் பெகிமாய். "எனக்கும் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் எட்டாத தூரத்துல" என்று அத்தை சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காலையிலிருந்து புருல் பேச்சே இல்லை. பெயரை அவனே சொல்லட்டும், அதுவரைக்கும் முல்லா காத்திருக்கட்டும் என்கிறார். குழந்தைக்கு அப்படியே உங்கள் புருவம்.

உயரத்தில் ஏறும்போது கவனமாக இருங்கள். ஆண்டவன் உங்களைக் காக்கட்டும். நீங்கள் என்ன பெயர் சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனால் டிரைவரின் போனில் சொல்லி அனுப்ப வேண்டாம். வந்து, அவளைக் கையில் ஏந்தி, காதில் சொல்லுங்கள்.

உங்கள்
சல்தனத்