தண்ணீர் ஊற்றிய வரிசை

மார்ச் 3, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கெல்லாம் வெயில். நாற்றுக்குடிலுக்குள் இன்னும் சூடு. காபி நாற்றுகளின் உயரம் அளந்தேன். தண்ணீர் ஊற்றிய வரிசை, சோதனைக்காகத் தண்ணீர் விடாமல் காயப்போட்ட வரிசை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். எப்படி? தண்ணீர் குடித்தது வளர்ந்திருக்க வேண்டுமே. உரமா, நிழல்வலையா, என் கெட்ட நேரமா.

வாங்க வேண்டியது: சோப்பு, தலைவலி மாத்திரை, பென்சில்.

குடில் வேலைக்கு வரும் பொன்னம்மா அக்கா வழக்கம்போல என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஏங்கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது? சாப்புட்டியா இல்லியா?" சாப்பிட்டேன் என்று பொய். ஏற்காடு வந்த பிறகு என்னைத் தொட்டுப் பேசுகிற ஒரே ஆள்.

மார்ச் 5, புதன்

சேலத்து லேபிலிருந்து ரிசல்ட். போன மாதம் அனுப்பிய இலைகளுக்கு. மஞ்சக்குட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம்.

எனக்கே ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன். செடிக்குள் ஒரு புரதம், படியெடுப்புக் காரணி என்று பெயர். ஆபத்து வந்தால் மரபணுக்களின் மேல் போய் உட்கார்ந்து, தாங்கிப் பிழைக்கிற வேலைகளை முடுக்கிவிடும். வளர்கிற வேலையை நிறுத்தி வைக்கும். உயிர் தப்பும், உயரம் போகும். காய்ந்த வரிசையில் அது ஏற வேண்டும், தண்ணீர் ஊற்றிய வரிசையில் அடங்கியிருக்க வேண்டும். என் ஆய்வின் கடைசி அத்தியாயம் இவ்வளவுதான்.

இரண்டிலும் ஏறியிருக்கிறது.

கைடு சார் போனில்: "ஒப்பிடவே செடி இல்லைன்னா என்னம்மா எழுதுவீங்க? திரும்பப் போடுங்க." திரும்பப் போட இன்னொரு கோடை வேண்டும். பெலோஷிப் பணம் இந்த மாதத்தோடு சரி. நீட்டிக்க மாட்டோம் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷமும் வீண்.

பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ: "மழ வந்தாத்தானுங்க காபி பூக்கும். இல்லீனா இந்த வருசமும் ஒண்ணுமில்லீங்க."

மார்ச் 6, வியாழன்

தூக்கமே இல்லை. விடிந்ததும் முதல் ஜீப்பில் குடிலுக்கு. பொ. அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்து, குருத்தை விரலால் நீவிவிட்டு. தண்ணீர் ஊற்றிய வரிசையை மட்டும்.

"தெனமும் இப்படித்தானாங்க்கா?"

"ஆமா கண்ணு. அந்தப் பக்கத்து நாத்தத் தொட வேண்டாமுன்னு நீதான சொன்னே. அதுங்க தண்ணியில்லாம நொம்ப பாவம். இதுங்களாச்சும் நல்லா வரட்டும்னு தடவிக் குடுக்கறேன்."

பாடத்தில் படித்ததுதான். தினமும் தொட்டால் செடிக்கு அதுவும் ஆபத்துதான். அதே காரணி விழித்துக்கொள்ளும், செடி குறுகிப்போகும். காய்கிற வரிசையைத் தொடாதீர்கள் என்றேன். இதையும் தொடாதீர்கள் என்று சொல்லத் தோன்றவே இல்லை. இனி யாரைக் கோபித்து என்ன.

"ஏங்கண்ணு அளுவறே?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "நீங்க தொட்டதாலதாங்க்கா வளரல. எல்லாம் போச்சு."

துணியைப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். "பாசமாத்தானுங்க தொட்டேன்" என்றார். என்னைப் போய் 'ங்க' போட்டு.

மார்ச் 7, வெள்ளி

அறையை விட்டுப் போகவில்லை. அம்மா போன். எடுக்கவில்லை. துணி ஊறவைத்தது அப்படியே கிடக்கிறது.

மார்ச் 10, திங்கள்

காற்று. இரண்டு நாளாகக் காய்ச்சல். நாற்றுகளைப் பிடுங்கிக் குடிலைக் காலி செய்யச் சொல்லி மெயில். போனேன். நிற்கக்கூட முடியவில்லை, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பொ. அக்கா வந்தார். "ஒடம்பு செரியில்லீங்களா?"

கை என் கன்னத்துப் பக்கம் வந்தது. பாதியில் நின்றது. முந்தானையில் துடைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொடலீங்க" என்றார்.