கோழிக்குப் பாதி, எனக்குப் பாதி

நண்பா,

மேஜைமேல் இரண்டு காப்சூல் மீதி இருக்கிறது. ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி மஞ்சள். டாக்டர் எழுதியது ஐந்து நாளைக்கு. காய்ச்சல் மூன்றாம் நாளே ஓடிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கறுப்புக் கோழி ஒன்று சிறகைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டு, என்னையும் காப்சூலையும் மாறி மாறிப் பார்க்கிறது. நீ இருந்திருந்தால் இந்நேரம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்னப்பா, பங்கு பிரிக்கிறயா?" என்று கேட்டபடி உள்ளே வந்திருப்பாய்.

உனக்குத் தெரியாத ரகசியமா? மைசூரில் கொல்லைப்புறக் கோழி வளர்த்த நம் கூட்டத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம்தான். மனிதருக்கு ஜுரம் வந்தால் கோழிகளுக்கு யோகம். உடம்பு கொஞ்சம் தேறியதும் மிச்ச காப்சூலை உடைத்து ராகிக் களியில் உருட்டி அவற்றுக்குப் போடுவோம். என் மனைவியின் தொண்டை வலி மாத்திரையில் பிழைத்த சேவலைப் பற்றி நான் தெருத்தெருவாகப் பெருமையடித்திருக்கிறேன். "அது தானாவே பொழைச்சிருக்கும்" என்று நீ சொன்னாய். சேவல் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. நான்தான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

மண்டி மொஹல்லா தீவனக் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை நாம் மூட்டைகள்மேல் உட்கார்ந்து நடத்திய மருத்துவ மாநாடுகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உலகத்து வைரஸ் ஆராய்ச்சியெல்லாம் முட்டை சுற்றிய செய்தித்தாளில்தான் நமக்கு வந்து சேரும். பாதி கிழிந்திருக்கும்; மீதியை நான் கூசாமல் சொந்தமாகச் சேர்த்துக்கொள்வேன். கிருமியைக் கண்ணால் பார்த்தவன் நம்மில் நீ ஒருவன்தான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவுகிற வேலை உனக்கு. அதனால் உன் பட்டப்பெயர் டாக்டர்.

"தட்டுல கிருமியப் பயிர் பண்ணி, மருந்தில நனைச்ச வில்லைய மேல வெப்பாங்கப்பா. மருந்து கேட்டா, வில்லையச் சுத்தி ஒண்ணும் முளைக்காம வெறும் வட்டமா இருக்கும். கேக்கலைன்னா கிருமி அதும்மேலயே பாய் விரிச்சுப் படுத்துக்கும். நானும் வருஷக்கணக்காக் கழுவறேன். வட்டம் சின்னதாயிட்டே வருது."

கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, "ஏன் ஸ்வாமி, தட்டைக் கழுவச் சொன்னா படிச்சுட்டு வர்றீங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். உரக்கச் சிரித்தவன் நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேபிள் டிவி நம் தெருவுக்கு வந்த வருஷம், கோழிகளைக் கூண்டோடு கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோயும் வந்தது. கடைக்காரர் மஞ்சள் நிற ஆன்டிபயாடிக் பொடி ஒன்றை, தண்ணீரில் கலக்கினால் போதும் என்று எல்லோருக்கும் கொடுத்தார். நீ மட்டும் கை நீட்டவில்லை.

"இது வைரஸுங்க. இந்தப் பொடிக்கு அடங்காது. எலிப் பொறியில கொசு விழுமா?"

தடுப்பு மருந்து வாங்க, சிவப்பு மூடி ஃபிளாஸ்கில் ஐஸ் நிரப்பிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனாய். சரக்கு வரவில்லை, வரவில்லை என்றார்கள். நான்காம் முறை மருந்து கிடைத்தது புதன்கிழமை. உன் கொட்டகைக்குள் நோய் அதற்கு முந்தின திங்கட்கிழமையே வந்துவிட்டது. கழுத்து திருகிக்கொண்டு எல்லாம் செத்தன. பொடித் தண்ணீர் குடித்த என் கோழிகளும் அதே மாதிரி கழுத்தைத் திருகிக்கொண்டு போய்ச் சேர்ந்தன.

அந்த ஞாயிறு கடைக்காரர் விடவில்லை. "போட்டவங்க கோழியும் போச்சு, போடாத டாக்டர் கோழியும் போச்சு. என்ன வித்தியாசம்?"

"என் கோழி செத்துச்சு, அவ்வளவுதான். உங்க கோழி செத்ததோட, மருந்தையும் சாகடிச்சுட்டுப் போயிருக்குது. கிருமி அதுக்குப் பழகிடுச்சுன்னா அப்புறம் மனுஷனுக்கும் கேக்காது" என்றாய். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

பிறகு உன் காலில் ஆணி ஏறியது. புண் ஆறவில்லை. நீ கழுவுகிற அதே மாதிரித் தட்டில் உன் சீழையே பயிர் பண்ணினார்கள். கட்டிலருகே நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது நீயாகவே சொன்னாய்: "ஆறு வில்லை வெச்சாங்களாம். அஞ்சுக்கு வட்டமே இல்லை. ஆறாவதுக்குப் பொட்டளவு. அதைப் பாக்க விடமாட்டேங்கிறாங்கப்பா, நல்ல தட்டு!"

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "பொடி போட்ட நான் கல்லுமாதிரி உக்காந்திருக்கேன். போடாத நீ படுத்துக் கிடக்கிறே. இது என்னடா நியாயம்?" என்றேன்.

"கிருமிக்கு யார் வீட்டுக் கோழின்னு தெரியாதுப்பா. அது தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு உங்களோட மல்லுக்கட்டறேன்? என் கோழியப் பாத்துக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "டாக்டர் தோத்துட்டாருன்னு கடைக்காரர் சொல்லுவாரு. ஒத்துக்காதே."

சொன்னார். நீ போய்ச் சேர்ந்த பிறகு, போன ஞாயிறுதான் சொன்னார். "பொடி வேணாம்னு சண்டை போட்டாரே, கடைசியில என்ன கண்டாரு?" என்று, கையில் மஞ்சள் பொட்டலத்தோடு. நான் மூட்டையிலிருந்து எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்ததால் வீரமாக எழ முடியவில்லை. பக்கத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டுதான்.

"என்ன கண்டார்னு நான் சொல்றேன், கேளுங்க ஸ்வாமி" என்று வட்டம், வில்லை, பாய் விரித்த கிருமி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த முறை சொந்தச் சரக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை, எனக்கே ஆச்சரியம். பொட்டலத்தை வாங்காமல் வந்தேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது. "புது டாக்டர் போறாரு" என்றார்கள். சிரிக்கட்டும். அடுத்த ஞாயிறும் அதே மூட்டையில்தான் உட்காரப்போகிறேன்.

உன் மனைவி கொடுத்த ஃபிளாஸ்க் இப்போது என்னிடம்தான். தடுப்பு மருந்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். கண்டக்டர் காபி கேட்கிறார்.

எழுதுவதை நிறுத்தி எழுந்துபோய், கறுப்புக் கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்துத் தனியாகக் கூடை கவிழ்த்து மூடிவிட்டு வந்தேன். நாளைக்கு அதைக் கால்நடை டாக்டரிடம் காட்டவேண்டும். காப்சூல் இரண்டும் என் பங்கு. முதலாவதை அதன் கண்முன்னேயே விழுங்கினேன். தண்ணீர் குடித்தது உன் ஃபிளாஸ்கின் சிவப்பு மூடியில்தான். நன்றாகக் கழுவிவிட்டுத்தான்; ஆனாலும் உன்னைப்போல் கழுவ எனக்கு வராது.