சட்டத்தரணி வாசித்ததும் தூதுவர் சொன்னதும்

அன்பு மாறாத செபமாலை அண்ணை,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து நாலு மாதம். உங்கள் அப்புக்காத்தர், அந்த ஜேர்மன் சட்டத்தரணி, தூதுவராகிவிட்டார். ஆபிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்புகிறார்களாம். வியாழக்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது. அதே வட்டக் கண்ணாடி.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஜேர்மனிக்கு ஓடி வந்த எங்களுக்காக அவர் வழக்காடினார். நீங்கள் அவருக்கு மொழிபெயர்த்தீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் ஏன் பத்திரிகைக்காரரைக் கூப்பிடுகிறார் என்று நான் அப்போதே கேட்டேன்.

"நீர் பேப்பர்காரன். கலியாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையை விசாரிக்கிற ஆள்" என்று சிரித்தீர்கள்.

பிறகு அவர் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றார். எங்கள் கோப்புகள் வேறொருவரின் மேசைக்குப் போயின. அப்போதும் நீங்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "பெரிய இடத்திலை எங்களுக்கெண்டு ஒரு வாய் இருக்கட்டும்" என்றீர்கள்.

அந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? போன வருடம் ஒரு குழுவோடு கொழும்புக்குப் போய், ஐந்து நாள் ஹோட்டலில் தங்கித் திரும்பியவர், தமிழர் அங்கே அச்சமின்றி வாழலாம் என்று அறிக்கை எழுதினார். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான் சொல்லவில்லை. அது சரியா, பிழையா?

உங்கள் வழக்கு முடிவில்லாமலே உங்களோடு போய்விட்டது. இப்போது உங்கள் வீட்டுக்காரி றோஸ்மேரி அக்காவின் தஞ்ச விண்ணப்பத்தையும் நிராகரித்துவிட்டார்கள். காரணம், அவர் கொழும்பில் வாழலாமாம். ஆதாரமாகக் காட்டியது அந்த அறிக்கையைத்தான். மேன்முறையீட்டு விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை. தோற்றால் கொழும்புக்கு விமானம்தான்.

நிராகரிப்புக் கடிதத்தை நான் படித்துச் சொன்னதும் அக்கா எழுந்துபோய் உங்கள் சூட்கேஸைத் திறந்தார். உங்கள் வழக்கில் அப்புக்காத்தர் நீதிமன்றத்தில் வாசித்த வாதத்தின் பிரதி உள்ளே இருந்தது. "இந்தத் தீவில் தமிழருக்குப் பாதுகாப்பான மூலை எதுவும் இல்லை. கொழும்பும் அப்படியான இடம் அல்ல." ஜேர்மன் வரிகளுக்கு நடுவே உங்கள் பென்சில் தமிழ். தங்கள் பெயரில் என்ன பேசப்படுகிறது என்று எங்கள் ஆட்கள் அறிய வேண்டுமென்று எல்லாப் பிரதியிலும் அப்படித்தானே எழுதுவீர்கள்.

சனிக்கிழமை கொலோனில் தூதுவருக்குப் பிரியாவிடை. அந்தப் பிரதியோடு நானும் போனேன். என்னைக் கண்டதும் "செபமாலை எங்கே?" என்று கேட்டார். நீங்கள் காலமானதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண்டபத்தில் நல்ல சூடு. அது கண்ணீரா ஆவியா என்று என்னால் உறுதியாக எழுத முடியாது.

என் உடைந்த ஜேர்மனில் கேட்டேன்: இந்த வாதம் உண்மையா, உங்கள் அறிக்கை உண்மையா?

"அப்போது ஒருவருடைய சட்டத்தரணியாகப் பேசினேன். அது என் தொழில். இப்போது அப்படி இல்லை" என்றார். பிறகு கையை நீட்டினார். "இந்தப் பிரதியை எனக்குத் தர முடியுமா?"

எதற்குக் கேட்டார், அண்ணை? உங்கள் நினைவாகவா? இல்லை, அது இருக்கக் கூடாது என்றா? நான் அதைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினேன்.

வந்து சொன்னதும் அக்கா ஏசினார். "குடுத்திருக்கலாமே தம்பி. மனிசன் மனமிளகி ஒரு சொல்லுச் சொன்னால் காணுமே."

"ஏலாதக்கா. போற கடதாசி திரும்பி வாறேல்லை."

"செத்த வீட்டிலையும் பெட்டியைத் திறந்து பாப்பியள் போலை."

அக்காவின் மேசையிலேயே அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். கொழும்பு பற்றிய வரிக்குப் பக்கத்தில், ஜேர்மனில் இல்லாத ஒன்றை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "இதை வாசிக்கேக்கை அவருக்குக் குரல் அடைச்சிட்டுது. தண்ணி குடிச்சிட்டுத்தான் தொடர்ந்தவர்."

உங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூடினதை நான் கண்டதில்லை. இதை மட்டும் யாருக்காக எழுதினீர்கள்? குரல் அடைப்பதும் தொழிலா? அந்த அறையில் இருந்தது நீங்கள், நானல்ல. நான் இன்னமும் அவரை நம்பவில்லை. ஆனால் உங்களை நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை இந்தப் பிரதி என் கையிலிருந்து நேரே எங்கள் புதிய சட்டத்தரணியின் கைக்கும், அங்கிருந்து நீதிபதியின் மேசைக்கும் போகும். அச்சடித்ததை மட்டும் வாசித்துவிட்டு மூட விடமாட்டேன். உங்கள் பென்சில் வரியையும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஜேர்மனில் சத்தமாகச் சொல்லும்வரை எழும்ப மாட்டேன். அவருக்காக இத்தனை வருடம் நீங்கள் பேசினீர்கள். இந்த ஒரு தடவை அவருடைய குரல் உங்கள் வீட்டுக்காகப் பேசட்டும்.

மாப்பிள்ளையையும் விசாரிக்கும்
உங்கள் தம்பி