ஆர்கிட் கேட்ட காற்று

அன்புள்ள கோபக்காரிக்கு,

நம் தையல் கடையை விட்டு நீ போனபோது எடுக்க மறந்த ஆர்கிட் செடி இன்று பூத்துவிட்டது. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு வருடமாக அது வெறும் இலையாகவே நின்றது. உரம் போட்டேன், இடம் மாற்றினேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். உன்னைப் போலவே அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் நர்சரிக்காரரிடம் கேட்டேன். "வெளிச்சமெல்லாம் போதும்மா. சாயங்காலக் குளிர்காத்து படுதா? அது படாம மொட்டு வைக்காது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நீ தினமும் ஜன்னலைத் திறப்பாய். துணியில் தூசி படிகிறது என்று நான் படாரென்று சாத்துவேன். அந்தச் சண்டையில்தானே கத்தரிக்கோலை மேசையில் போட்டுவிட்டுக் கிளம்பினாய்! "செடிக்குக் காத்து வேணும்டி" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொன்னாயோ என்னவோ, நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

மூன்று மாதமாக ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். துணிகள் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடுகிறேன். அவ்வளவுதான் வேலை. இதற்கா இரண்டு வருடம்?

பூ இரண்டு மாதம் நிற்குமாம். எனக்குத்தான் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு கையிலும் தொட்டி இருக்கும்; கதவை நீதான் திறக்க வேண்டும்.

உன் மெஷினுக்கு இன்னும் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கும்
உன் தோழி