காட்டிக்கொடுத்தவனுக்கும் ஒரு அம்மா

அம்மாயி,

தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாயிற்று, சீயக்காயும் போட்டாயிற்று. இந்த அரிதாரம் காதோரத்தை விட்டுப் போவேனா என்கிறது. பெரிய சனிக்கிழமை காலை. முகத்தைக் கழுவக் கழுவ அந்த முத்துவெள்ளைப் பவுடர் வாசம் மூக்கில் ஏறுகிறது. எனக்கு அது உன் வாசம். நீ இல்லாமல் வந்த முதல் தவக்காலம் இது. நேற்று நாடகத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

தொண்ணூறு தாண்டியும் எழுதியவள் நீ. குரும்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பினாய். ஆனால் ஊருக்கு நீ கதை எழுதுகிற டீச்சர் இல்லை, பாஸ்கா எழுதுகிற டீச்சர். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கோயில் மைதானத்தில் போடுகிற ஆண்டவரின் பாடுகள் நாடகத்தை நீதான் வருசா வருசம் திருத்தி எழுதினாய். எழுதினாய் என்ன, பேசினாய். கொட்டைப் பால் பட்டுப் புண்ணாகாமல் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாய். "எழுத்துல நல்லாத்தான் இருக்கு, வாயில கடிக்குதே" என்று உன்னையே திட்டிக்கொள்வாய். பக்கத்தில் அம்மா பேசாமல் கொட்டை உடைத்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் குறுக்கே யாராவது பேசினால் தீர்ந்தது, கொட்டை உடைக்கிற கட்டை பறந்து வரும்.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனுக்கு நீ ஒரு அம்மாவை எழுதினாய். வேதத்தில் எங்கும் வராத அம்மா. அவன் தன்னைத்தானே முடித்துக்கொண்ட பிறகு அவள் வந்து காவல்காரனிடம் பிணத்தைக் கேட்பாள். அவன் விரட்டிவிடுவான். அவ்வளவுதான் காட்சி. அந்த வேசத்தை முதலில் கட்டியவளும் நீதான். முட்டி தேய்ந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தாய். எனக்கோ மேடை ஏறினால் பாதி மறந்துவிடும். "மறந்தா மறந்துட்டுப் போ. வாய மூடிட்டு நில்லு, நான் தரேன்" என்பாய்.

ஏன் எழுதினாய் என்று ஊருக்குத் தெரியும். உன் மகன் சவரி மாமா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். அப்படிச் செத்தவனுக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று அந்தக் காலத்தில் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே உள்ளே மெழுகுதிரி ஏற்றும்போது நீ வெளியே சுவரோரம் நின்றிருக்கிறாய். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் காட்சி வரும் நேரத்தில் அம்மா மட்டும் மைதானத்தில் இருக்க மாட்டாள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். அவளுக்குத் தலைவலி என்று நீ சொல்வாய், நானும் நம்பினேன்.

போன வாரம் பெரம்பலூரிலிருந்து வேலைக்கு லீவு போட்டு ஒத்திகைக்கு வந்து இறங்கினேன். பையைக் கீழே வைக்கவில்லை, அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருசம் அந்தச் சீன் வேணாம்டி."

"அம்மாயி எழுதுனதும்மா. அதைப் போய் எப்படி எடுக்கிறது?"

"உங்கம்மாயிதான் போயிடுச்சே. இப்பதான் கல்லறைச் சுவரைத் தள்ளிக் கட்டி எங்கண்ணனும் உள்ள வந்துட்டான். நீங்க வருசா வருசம் அவனைத் தோண்டித் தோண்டி வெளிய போடுறீங்க. நான் கையெடுத்துக் கும்புடுறேன், விட்டுருங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீ கதவைச் சாத்திட்டு உக்காந்துக்க, யாரு உன்னைப் பாக்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. "நீ ஏறுனா நான் வந்து திரைய இழுத்து விடுவேன். ஊரே பாத்தாலும் சரி" என்றாள். உன் மகளாயிற்றே, சொன்னால் செய்வாள்.

நேற்று சிலுவைப் பாதை முடிந்து வெளிச்சம் மங்கும் நேரம். வேசம் கட்டி நிற்கிறேன். திரைக்கயிற்றுக்குப் பக்கத்தில், நீ நிற்கிற இடத்தில், அம்மா வந்து நின்றாள். கயிறு அவள் கையில். நான் போகட்டுமா என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பாழாய்ப்போன கால் தானாக மேடைக்குப் போய்விட்டது.

காவல்காரன் வேசம் சூசை மாமா. "யாரும்மா நீ?" என்றார்.

"செத்துக் கெடக்கானே, அவனுக்கு அம்மா."

அதோடு சரி. அடுத்த வசனம் போயே போய்விட்டது. மைக் செட் இரைகிறது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. சூசை மாமா வியர்த்து வழிய மறுபடியும் "யாரும்மா நீ?" என்கிறார். இப்போது திரை விழும், இப்போது விழும் என்று நிற்கிறேன். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன் அம்மாயி. தருவதற்கு நீ எங்கே?

திரை விழவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவன் செஞ்சத ஊரு பாத்துக்கட்டும். எங்கண்ணன எங்கிட்டக் குடுங்க."

நீ எழுதியது 'எம்புள்ளைய' என்றுதான். ஓரத்து மைக் அம்மாவின் குரலை அப்படியே பிடித்து மைதானம் முழுக்கக் கொண்டுபோய்விட்டது. நான் "எம்புள்ளைய எங்கிட்டக் குடுங்க" என்று உன் வசனத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் அம்மா எடுத்துக் கொடுத்தாள். பார்க்காத காட்சி அவளுக்கு மனப்பாடம். இருக்காதா பின்னே, பக்கத்திலேயே உட்கார்ந்து கொட்டை உடைத்தவள் அல்லவா.

இன்று காலை அவள்தான் என் முகத்துக்கு எண்ணெய் தேய்த்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தேய்த்தாள். திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்கம்மாயி அவனுக்கு அம்மாவ எழுதுச்சு. அவனுக்கு ஒரு தங்கச்சி இருந்திருப்பாளேன்னு ஒரு நாளாவது நெனைச்சுச்சாடி?"

நீ இருந்திருந்தாலும் இதற்குப் பதில் சொல்லியிருக்க மாட்டாய். உன்னோடு எனக்குச் சண்டை என்றால் இந்த ஒன்றுதான், அதை இப்போது போட முடியவில்லை. "நீ சொல்லும்மா, நான் எழுதறேன்" என்றேன். "ஆமாமா, நான் சொல்லிக் கிழிச்சேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது கதை எழுதுகிற கை இல்லை. எழுதுகிறவர் வாயைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்காரும் பழக்கம்தான். இதோ, கொல்லையில் அம்மா கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு முந்திரிக்கொட்டைக் குவியல் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வாய் ஏதோ முணுமுணுக்கிறது. நான் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். குறுக்கே பேச மாட்டேன்.