இரண்டாம் தரப்பினர்

மார்ச் 2

தங்கைக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போனில் பேச வேண்டாம், எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று உன் வக்கீலம்மா உனக்குச் சொல்லியிருக்கிறாராம். சரி, எழுத்திலேயே வாங்கிக்கொள்.

அவர் அனுப்பிய உறை நேற்று வந்தது. உள்ளே இருந்த சம்மதப் படிவத்தை மூன்று முறை படித்தேன். உன் அண்ணிக்கு அதில் வைத்திருக்கும் பெயர் ‘இரண்டாம் தரப்பினர்’. உன்னால் சுமக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தபோது, ‘நான் இருக்கேன்ல?’ என்று முன்னால் வந்தவள் அவள். உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதுமான கருவை நாற்பத்தொரு வயதில் தன் வயிற்றில் வைத்து வளர்த்துக் கொடுத்தவள். தரப்பாம்!

பிறந்த இரண்டாம் நாள் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? அவள் குளியலறைக்குப் போய்வந்தாள். திரும்பினால் தொட்டில் காலி. பின்பக்க லிஃப்டில் இறங்கிவிட்டீர்கள். ‘தாய் மனம் மாறிவிடலாம், பார்க்கவிடாதீர்கள்’ என்பது வக்கீல் யோசனையாம். அதன்பின் மூன்று வாரம் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். ஈரத்துணியை மாற்றிப் போட்டவன் நான். உன்னிடமிருந்து வந்தது ஒரு அச்சடித்த அட்டை. ‘தங்கள் உதவிக்கு நன்றி.’ அண்ணியைத் ‘தங்கள்’ என்று எழுத எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?

இப்போது, உங்களைப் பெற்றோராக அறிவிக்கச் சொல்லி நீங்கள் போட்ட மனுவைக் கோர்ட் திருப்பிவிட்டது. சுமந்தவளுக்கென்று தனி வக்கீல் வைத்து ஆலோசனை சொல்லவில்லையாம். அதனால் அவள் யாரோ ஒருவரிடம் போய் உட்கார வேண்டும், பிறகு நாங்கள் இருவரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். உன் காரியம் என்றதும் எங்கள் வீட்டு முகவரி ஞாபகம் வந்துவிட்டது. உன் கல்யாணப் படத்தில் ஓரத்தில் நின்ற என்னைப் பாதியாக வெட்டி சட்டம் போட்டு மாட்டியபோதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் காட்டவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

தொட்டிலிலிருந்து அப்படி எடுத்துக்கொண்டு போனது தப்புதான். பயந்துவிட்டேன். ஆறு தடவை கலைந்தவளுக்கு ஏழாவது தடவை கையில் வந்ததை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றே தோன்றும். பயம் அண்ணியைப் பார்த்து வரலாமா என்றால், வரக்கூடாதுதான். வந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தனி வக்கீல் வேண்டாம் என்றது நீங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் பேச உட்கார்ந்த அன்று எங்கள் வக்கீலம்மா அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டார், ‘உங்களுக்குன்னு ஒருத்தர் வெச்சுக்கிறீங்களா?’ என்று. நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். ‘நாங்க என்ன வழக்கா போடப்போறோம்? என் தங்கச்சிக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல இன்னொரு வக்கீலா? அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?’ எனக்கு அன்று அவ்வளவு பெருமையாக இருந்தது. அண்ணி தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைப் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன்.

போன வாரம் தடுப்பூசி போடப் போனோம். ‘அம்மா பேரு?’ என்றாள் நர்ஸ். அண்ணி பெயரைச் சொன்னேன். ‘அப்பா?’ உங்கள் பெயர்; மனு தேறும்வரை சட்டத்துக்குச் சுமந்தவரும் அவர் கணவரும்தானே பெற்றோர். ‘அப்ப நீங்க யாரு?’ என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிவதற்குள் மனு போகாவிட்டால் இந்தச் சட்டப்படி பிறகு போட முடியாது. ஏப்ரல் ஆறுதான் கடைசி.

அண்ணியை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

உங்கள் தங்கை

மார்ச் 21

தங்கைக்கு,

மேசையைத் தட்டியது உண்மை. அதை நீ ஞாபகம் வைத்திருப்பதுதான் எனக்கு எரிச்சல். இந்தக் குடும்பத்தில் மறக்காமலிருக்கும் வியாதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

உன் அண்ணி என்னிடம் கேட்காமலே ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்துவிட்டாள். கூடப் போனேன். முதல் மாடியில் சின்ன அலுவலகம். உள்ளே போகப் பார்த்தவனை குமாஸ்தா மறித்தார்.

‘சார், நீங்க இங்கயே உக்காருங்க. அவங்களத் தனியாத்தான் பாப்பாங்க.’

‘நான் அவ புருஷன்யா.’

‘அதனாலதான் சார்.’

இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவனை ஜெராக்ஸ் மெஷினுக்கு எதிரே ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தவள் நேராகப் படியிறங்கித் தெருவில் போய் நின்றாள்.

‘என்ன கேட்டாங்க?’ என்றேன்.

‘எனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க.’

‘என்ன சொன்ன?’

‘முதல்ல ஒண்ணும் வரல. இதுவரைக்கும் யாரும் கேக்கலயே. கையில பதிலே இல்ல.’

தெருவில் நின்றுகொண்டுதான் சொன்னாள், சாதாரணமாக. வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று நான் எல்லாப் பையிலும் தேடிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடம் கூட இருந்திருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒரு அந்நிய மனுஷி கேட்க வேண்டியிருந்தது. இதற்காகவும் உன்மேல்தான் கோபம் வருகிறது. நியாயமில்லைதான். வந்தால் நான் என்ன செய்ய?

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. குழந்தைக்கு விவரம் தெரிகிற வயதில் யார் வயிற்றில் வளர்ந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும், அவளை அத்தை என்று கூப்பிட வைக்க வேண்டும். ‘இதையெல்லாம் கோர்ட்ல அடிச்சுப் பேச முடியாதும்மா, ஆனா எழுதி வெக்கலாம்’ என்றாராம் வக்கீல். படிவத்தின் நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியை உன் வக்கீலம்மா அடித்தால், நேரில் வந்து கோர்ட்டிலேயே கத்துவேன்.

மறுநாள் காலை அடுப்படியில் நின்றபடியே அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் ஒன்பது நாள் படிவத்தை அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். அவளுக்கு நேர்ந்த அவமானத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். நேற்று அவள் சாவியைக் கேட்டாள்.

‘உனக்காகத்தான் நான் போடல’ என்றேன்.

‘கோவம் உங்களோடது. வெச்சுக்குங்க, வேண்டாங்கல. என்னைச் சொல்லிக்கிட்டு அதைச் செய்யாதீங்க. அந்தப் பிள்ளைக்கு அப்பா பேரா உங்க பேரு இருக்கறது எனக்குக் கூச்சமா இருக்கு’ என்றாள்.

படிவம் இத்துடன் இருக்கிறது. ‘சுமந்தவரின் கணவர்’ என்று போட்ட ஐந்து இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். ஐந்தையும் சரிபார்த்துக்கொள். ஒன்று விட்டுப்போனாலும் அதற்கும் என்னைத்தான் சொல்வாய்.

அண்ணியைக் கூப்பிடு. எப்படிக் கூப்பிடுவது என்று கேட்காதே, அண்ணி என்று கூப்பிடு. நான் போனை எடுக்க மாட்டேன். அந்தத் தொட்டிலை நான் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் அது பொய்.

இந்தக் கடிதத்துக்குக் கீழே ‘உன் அண்ணன்’ என்று போட வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கை வரமாட்டேன் என்கிறது. முழுப்பெயரைப் போட்டால் நானும் ஒரு தரப்பு ஆகிவிடுவேன். தபால் நிலையம் நான்கு மணிக்குச் சாத்திவிடும், ஏப்ரல் ஆறு எனக்காகக் காத்திருக்காது. கடிதத்தில் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.