மரத்துப்போன முழங்கால்

ஆர்.எஸ்.புரம், கோவை
12.2.2025

அன்புள்ள எழில்,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். வேறு வழியில்லாமல் கடிதம். கால் எப்படி இருக்கிறது? ஸ்கேன் எடுத்தீர்களாமே, மாசாணம் சொன்னான்.

என் ஊசிதான் காலைக் கெடுத்தது என்று நம் கபடி அணியில் பேசுகிறார்களாம். விவரம் தெரியாத பேச்சு. அடிபட்ட இடத்தில் உடம்பு சில ரசாயனங்களைச் சுரக்கும். அவை நரம்பு முனைகளை உசுப்பிவிடும். நரம்பு அந்தச் சேதியை முதுகுத்தண்டு வழியாக மூளைக்குக் கொண்டுபோகும். மூளை வாங்கிக்கொண்ட பிறகுதான் அது வலி. நீ வழக்கமாகப் போடும் மாத்திரை அந்தச் சுரப்பைக் குறைக்கும். நான் போட்டது மரப்பு ஊசி. நரம்பில் சேதி போகாமல் மறிக்கும். அவ்வளவுதான்.

கோப்பை எங்கள் ஹாலில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் நைனா உன் கடைசி ரெய்டைத்தான் சொல்கிறார்.

உன் சசி

தாராபுரம்
19.2.2025

அன்புள்ள சசி,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் அப்பா. 'மாசாணம் சொன்னான்' என்ற இடத்தைத் தாவிவிட்டேன். உங்கள் தோப்பிலேயே நரைத்த மனுசன் அவர்.

முழங்கால் ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டது. அடுத்த மாதம் ரயில்வே கபடி அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. எங்கள் காலனியிலிருந்து கபடியால் வேலைக்குப் போகிற முதல் ஆள் நான் என்று பேனர்கூட அடித்துவைத்திருந்தார்கள்.

அரையிறுதியில் விழுந்ததும் பந்தலுக்குப் பின்னால் நீ என் காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தாய். உன் முகம் மாறியது. "என்னடா?" என்றேன். "ஒன்னுமில்லடா, சதைப் பிடிப்பு" என்றாய். உன் அப்பா எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, பையன் பைனலுக்கு எறங்குவானா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. "எறங்குவான் நைனா" என்றாய்.

சேதியை மட்டும்தான் மறித்தேன் என்கிறாய். அந்தச் சேதி எனக்கு வந்துசேர வேண்டியதடா. வலித்திருந்தால் அந்தக் காலை ஊன்றியிருப்பேனா? பாதி அறுந்திருந்ததை நானே ஆடி ஆடி முழுதாக அறுத்துக்கொண்டேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து என் காலுக்குக் கட்டுப் போட்டவன் நீ. ஒன்றை மட்டும் சொல். ஊசி போடும்போதே உனக்குத் தெரியுமா?

எழில்

ஆர்.எஸ்.புரம், கோவை
26.2.2025

அன்புள்ள எழில்,

ஜவ்வு லேசாகத்தான் கிழிந்திருக்கும், ஒரு ஆட்டம் தாங்கும் என்று நினைத்தேன். உன்னைவிட்டால் நைனாவின் அணிக்கு வேறு ரெய்டர் யார்?

இப்போது பிரச்சினை வேறு. கபடிச் சங்கத்தில் விசாரிக்கிறார்கள். பிசியோதெரபி படிப்பையே முடிக்காத நான் ஊசி போட்டது தெரிந்தால் காலேஜிலிருந்து நீக்கிவிடுவார்கள். காந்திபுரத்தில் வாங்கி நீயே போட்டுக்கொண்டதாகச் சொல்லிவிடு. ரயில்வே எப்படியும் இல்லை, உனக்கு இனி இழக்க ஒன்றுமில்லையே. ஆபரேஷனை நைனா பார்த்துக்கொள்வார். மில் கேட்டில் உட்கார்ந்த இடத்து வேலையும் தருவதாகச் சொல்கிறார். யோசி.

சசி

தாராபுரம்
3.3.2025

சசிதர்,

யோசிக்க ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு ஆபரேஷனும் வேண்டாம், மில் கேட் வேலையும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டேன்.

உன் இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். எதையும் தாவவில்லை. "சின்னவரு பேரச் சொல்லித்தான் ஆவோணுமா கண்ணு?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"அப்ப நானும் வாரேன். நீ உழுந்ததும் கார்ல இருந்த பொட்டியக் கொண்டாரச் சொன்னாரு பெரியவரு. ஐஸுன்னு சொன்னாருங்க கண்ணு. நாந்தான் ஓடிப்போய்க் கொண்டாந்து குடுத்தேன்."

அந்தப் பெட்டியில்தான் உன் ஊசி இருந்தது. அப்பா என் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை அவர் தோப்புக்கு வேலைக்குப் போகவில்லை. நாளை சங்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் விசாரிக்கிறார்கள். நான் ஊசியைச் சொல்வேன், அவர் பெட்டியைச் சொல்வார். உன் அப்பாவிடம் சொல்லிவை: மாசாணம் சொன்னார் என்று.

மா. எழில்